உங்கள் நேரம் நெருங்கிவிட்டது

டோக்கன் கருவி "முப்பத்தேழு" என்றது. நான்கு பேர் எழுந்தார்கள்.

டாக்டருக்கு ஒரு முப்பத்தேழு, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. கொரட்டூர் ஏரிப் பக்கத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கருவி வைத்த முதல் நாளே, காய்ச்சலுக்கு வந்தவர் ஸ்கேன் அறையில் போய்ப் படுத்துவிட்டார்.

கருவியைக் கொண்டுவந்தவள் மோகனப்பிரியா. நாமக்கல்லிலிருந்து வந்து நிர்வாகியாகச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கூட்டம் குறைந்தால்தான் வேலை நிரந்தரம் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் சுலோசனா சொல்லியிருந்தார். தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வேறு இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது.

மோகனப்பிரியா டோக்கன்களுக்கு நிறம் கொடுத்தாள். டாக்டருக்குப் பச்சை, ரத்தத்துக்கு மஞ்சள் என்று. மறுநாள் கண் சிகிச்சை நாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எண்ணும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக் கேட்டார்கள். அவர் கண்ணிலும் சொட்டு மருந்து.

சரி, யாரும் இங்கே காத்திருக்கவே வேண்டாம், முறை வரும்போது செல்போனுக்குச் செய்தி வரும் என்று அறிவித்தாள். பெரியவர்கள் பலரும் கொடுத்திருந்தது பிள்ளைகளின் எண்ணை. அலுவலகத்தில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி பெயரில் செய்தி போனது: 'திரு. ராமன் அவர்களே, உங்கள் நேரம் நெருங்கிவிட்டது. தயாராக இருக்கவும்.'

அரை மணி நேரத்தில் வாசலில் நிற்க இடமில்லை. ஒரு மருமகள் ஆட்டோவிலிருந்து அழுதுகொண்டே இறங்கினாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெகதீஷ், மீட்டிங்கிலிருந்து எழுந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு ஓடிவந்தான். அவன் அப்பா ராமன், ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டீ குடித்துக்கொண்டிருந்தார். செய்தி வரும் என்பதை நம்பாமல் காலையிலேயே வந்துவிட்டிருந்தார்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"சுகர் பாக்க வந்தேன்டா. உனக்கு என்ன ஆச்சு?"

ஜெகதீஷ் மோகனப்பிரியாவைத் திட்டத்தான் திரும்பினான். ஆனால் அப்பா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, வேலை நாளில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று அவளிடம் சொல்லிச் சிரித்தார். ஜெகதீஷ் தனக்கும் ஒரு டீ சொன்னான்.

அவள் கருவியை அணைத்தாள். வாசலில் தானே நின்று, வருகிறவர்களிடம் என்ன உடம்புக்கு என்று கேட்டு, கையைப் பிடித்து உரிய அறையில் விட்டுவந்தாள். சக்கர நாற்காலி தள்ளினாள். காத்திருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நாலு நாள் சாப்பாட்டு வேளைகூட இல்லாமல் ஓடினாள். கூட்டம் மட்டும் குறையவில்லை. ஐந்தாம் நாள் மருந்து கவுன்டர் முன்னால் மயங்கி விழுந்தாள்.

டாக்டர் சுலோசனா மாடியில் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார். எழுந்து நடந்தால் வேலையிலிருந்தே எடுத்துவிடுவேன் என்று மிரட்டி, போர்வையையும் இழுத்துப் போர்த்திவிட்டுப் போனார். வந்த ஊரில் தனக்கும் இப்படி ஒருவர் இருக்கிறாரே என்று மோகனப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. கீழே ஒரே பேச்சுச் சத்தம். கையில் ஊசியோடு ஜன்னல்வரை போய் எட்டிப்பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தை அவள் அங்கே பார்த்ததே இல்லை. மாடிப்படிவரை நெருக்கியடித்து நின்றார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை. அப்போது வாட்ச்மேன் அப்பாவு கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"ஒரு வரிசைகூட இல்லையே அண்ணா. இத்தனை நோயாளிகளை டாக்டர் எப்படிப் பார்ப்பார்?" என்றாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெயம மேடம், டாக்டரே கெடையாது, அவங்க அல்லாரும் ஒங்களப் பாக்க வந்துகீறாங்க."