மாங்கேணி முகாமுக்குக் கீட்டோ வந்தது

சோறு என்பது ஒரு பழக்கமே தவிர உணவல்ல என்ற பேருண்மை, கடல் ஊருக்குள் வந்து போன மார்கழிக்கு அடுத்த சித்திரையில், மட்டக்களப்பு நகரத்தின் குளிரூட்டிய அறையொன்றில் வைத்து ஏகமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் டஸ்டின். புதுக்கரை நிவாரண நிறுவனத்தின் சர்வதேசப் போசாக்கு ஆலோசகர். சர்வதேசம் என்றால், பிறந்தது புளியந்தீவு, கொழுத்தது மெல்பேர்ண், அங்கேயே மெலிந்தது கீட்டோ என்ற உணவுமுறையால். சோறு, மா, சீனி மூன்றையும் ஒதுக்கிவிட்டுக் கொழுப்பைத் தின்றால் உடம்பு கொழுப்பையே எரித்து வாழப் பழகிக்கொள்ளும் என்பது அதன் சாரம். அவருடைய தொந்தி கரைந்தது உண்மை. ஒரு மனிதனுக்கு நல்லது ஒரு மாவட்டத்துக்கும் நல்லது என்பது ஆலோசகர்களின் பொது விதி.

ஏகமனதாக என்றது, எதிரே இருந்த மெல்றோய் மறுப்புச் சொல்லாததால். மெல்றோய் டஸ்டினின் மாமி மகன். டஸ்டின் கப்பல் ஏறியபோது ஊரிலேயே தங்கிவிட்ட, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி. இப்போது நிறுவனத்தின் களஇணைப்பாளன். நல்ல மனம்தான். ஆனால் மனைவி ஜக்குலின் கட்டிக்கொடுத்த சோற்றையும் இறால் கறியையும் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தான். வயிறு நிறைந்தவனுக்கு எந்தத் திட்டமும் நல்ல திட்டமாகத்தான் தெரியும்.

"மாங்கேணி முகாமில சனம் தின்னுறதில பத்தில ஒன்பது பங்கு மாச்சத்து. இது ஒரு போதை, மச்சான்" என்று டஸ்டின் ஆய்வறிக்கையைத் தட்டினார்.

"நாங்க குடுக்கிறதே அரிசியும் மாவும் சீனியும்தானே?"

"அதுதான் பிழை. திருத்துவம்."

திருத்தப்பட்டது. பிள்ளைகளுக்குப் பிஸ்கட் மட்டும் தொடரும் என்ற கருணையோடு அரிசி நிறுத்தப்பட்டது. மாவும் சீனியும் அதன் பின்னால் போயின.

"அப்ப மீன், முட்டை, சீஸ் எல்லாம் ஆர் குடுக்கிறது?" என்று மெல்றோய் கேட்டான்.

"மீன் வாழ்வாதாரப் பிரிவு. முட்டை கால்நடைப் பிரிவு. நாங்க அறிவுரைப் பிரிவு."

வாழ்வாதாரப் பிரிவு ஏற்கெனவே படகு கொடுத்திருந்தது. எஞ்சின் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. வலை மூன்றாவது நிறுவனத்தின் பொறுப்பு, அது இன்னும் நாட்டுக்குள் வந்து சேரவில்லை. கால்நடைப் பிரிவு கோழிக்கூடு கொடுத்திருந்தது. பிற நிறுவனம் எதுவும் வந்து அரிசி கொடுக்கவும் வழியில்லை. ஒரு முகாமுக்கு ஒரு நிறுவனம் என்று ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் தீர்மானமாகியிருந்தது. ஒரே பசியை இரண்டு பேர் தீர்த்துவிட்டால் அறிக்கை குழம்பிவிடும் அல்லவா?

மாங்கேணி முகாமின் மாதர் சங்கத் தலைவி தெய்வமணி. படகையும் வீட்டையும் கடலுக்குக் கொடுத்தவள். அவளிடம் மிஞ்சியது அவளுடைய வாயும், அந்த வாயை நம்பியிருந்த நாற்பது கூடாரத்துச் சனமும்தான்.

"கீட்டோவா? அது எந்த இயக்கம் சேர்? ஆள் பிடிக்கிறதா, காசு மட்டும் கேக்கிறதா?" என்று அவள் பயிற்சி வகுப்பில் எழும்பிக் கேட்டாள்.

"இயக்கமில்லக்கா, சாப்பாடு" என்றான் மெல்றோய்.

"எங்க?"

டஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடங்குநர்களுக்கான அறிவுரைகளை வாசித்தார். "முதல் கிழமை தலையிடிக்கும். கைகால் சோரும். ஆரைக் கண்டாலும் எரிச்சல் வரும். பயப்பட வேண்டாம், உடம்பு பழகுது."

"அதுக்கு எங்கட ஊரில பசி எண்டு பேர் சேர்."

"இல்ல. இது இசைவாக்கம். தண்ணியில உப்புப் போட்டு நிறையக் குடிக்க வேணும்."

தெய்வமணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உப்புத் தண்ணி நாங்க மார்கழியிலேயே வேண்டிய மட்டும் குடிச்சிட்டம் சேர்."

கூடாரத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டஸ்டின் மட்டும் பேனாவைத் திறந்து, 'பயனாளிகளுக்கு முன்அனுபவம் உண்டு' என்று எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் தெய்வமணி மெல்றோயை வாகனத்தடியில் மறித்தாள். "அவர் வெளிநாட்டு ஆள். நீங்க ஊர் ஆள். மறுகா எப்ப சேர் அரிசி வரும்?"

"எடுத்துத் தாறன் அக்கா. என்னை நம்புங்க."

சொன்ன பிறகுதான், தன்னிடம் ஒரு கொத்து அரிசிக்குக் கையெழுத்து வைக்கவும் அதிகாரமில்லை என்பது அவன் ஞாபகத்துக்கு வந்தது.

சனம் உப்பாற்றில் இறங்கி நண்டும் மட்டியும் பொறுக்கிப் பிழைத்தது. சில கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து சோதனைத் தாள்கள் வந்தன. சிறுநீரில் தோய்த்தால், உடம்பு கொழுப்பை எரிக்கிறதா என்று காட்டும் தாள். எரித்தால் ஊதா. மாங்கேணி முகாம் முழுவதும் ஊதாவாக வந்தது. பட்டினி கிடப்பவனுக்கும் அதே ஊதாதான் வரும் என்று தாள் பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தை வாசிப்பது ஆலோசகர் வேலையல்ல.

"நூற்றுக்கு நூறு! மெல்பேர்ணிலகூட இப்பிடி வரல்ல" என்று டஸ்டின் கண்கலங்கினார்.

"டஸ்டின், சனம் எலும்பும் தோலுமாப் போச்சு. அரிசியைத் திரும்பக் குடுப்பம்."

"பாஸ் பண்ணின சனத்துக்கு அரிசி என்னத்துக்கு, மச்சான்?"

மெல்றோய் நேரே மாங்கேணிக்கு ஓடினான். "அக்கா, அரிசி வேணுமெண்டா நீங்க எல்லாரும் பெயிலாக வேணும். பெயிலாக எண்டா ரெண்டு மூண்டு நாளைக்கு நல்லாச் சோறு தின்ன வேணும்."

"சோறு தின்ன அரிசி வேணுமே சேர்?"

"ஓம்."

"கிணத்துக்குள்ள விழுந்த வாளியை எடுக்கிறதுக்கு, அதே வாளியால தண்ணிய இறைக்கச் சொல்லுறீங்க."

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. "அம்மன் இருக்காகா, அம்மன்!" என்று பக்கத்தில் நின்றவளின் முதுகில் ஒரு போடு போட்டாள்.

வைகாசி பிறந்திருந்தது. கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு வரும் மாதம். சடங்குக்கு ஊர் ஊராய்ப் போய் நேர்த்திக்கடன் நெல் எடுப்பார்கள், கோயில் முற்றத்திலேயே குற்றுவார்கள், பொங்குவார்கள். முகாமுக்கு நெல் கேட்டால் ஒருங்கிணைப்புக் கூட்டம் மறிக்கும். அம்மனுக்குக் கேட்டால் யார் மறிப்பது? அப்படி மறித்தவன் வீட்டில் அம்மை போடும் என்று அரசாங்கக் கச்சேரி அதிகாரிகளுக்கும் தெரியும். தேற்றாத்தீவு என்ற ஓர் ஊரிலிருந்தே ஒரு லொறி நெல் வந்து இறங்கியது. பாதி இடிந்த கோயில் முற்றத்தில் உலக்கை விழுந்தது. சனம் சடங்கு முடியும்வரை வயிறாரத் தின்றது. பண்பாட்டு உணர்வுகளை மதிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை என்பதால் டஸ்டினும் வந்து படம் எடுத்தார். பொங்கலையும் இரண்டு தரம் வாங்கித் தின்றார்.

"சோறெல்லே அது?" என்றான் மெல்றோய்.

"கோயில்ல தாறது கணக்கில வராது, மச்சான்."

அடுத்த சோதனையில் ஒரு தாளும் ஊதாவாகவில்லை. முழு முகாமும் பெயில். தன் பிள்ளைகள் பாஸானபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படாத மெல்றோய், பெறுபேற்றைத் தூக்கிக்கொண்டு டஸ்டினின் அறைக்குள் பாய்ந்தான்.

டஸ்டின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சோறு திண்டிருக்காங்க."

"ஓம்!"

"அப்ப எங்கயோ இருந்து அரிசி வருது. அரிசி வாற சனத்துக்கு நாங்க ஏன் அரிசி குடுக்க வேணும்?"

மெல்றோய்க்கு வந்தது கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. "பாஸானா அரிசி தேவையில்ல. பெயிலானா அரிசி இருக்கு. அப்ப களஞ்சியத்தில கிடக்கிற அரிசி ஆருக்கு?"

"நல்ல கேள்வி. ஆனா களஞ்சியம் வேற பிரிவு."

களஞ்சியத்தில் அரிசியை வண்டு தின்றுகொண்டிருந்தது. வண்டுகளுக்கு யாரும் பயிற்சி வைக்கவில்லை.

அன்றிலிருந்து மெல்றோய் சட்டத்தைச் சட்டத்தால் வெட்டத் துணிந்தான். நிறுவனத்தின் நடைமுறைக் கோவையைக் கரைத்துக் குடித்தான். அதில் ஓரிடத்தில் கண்கள் நின்றன: பயிற்சி நடத்தும் வளவாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் சோறும் கறியும் வழங்கப்படல் வேண்டும், அல்லது அதற்கீடாக உலர் அரிசி வழங்கலாம். எந்தப் பயிற்சி என்று அதில் இல்லை. வளவாளர் எத்தனை பேர் இருக்கலாம் என்றும் இல்லை.

டஸ்டின் அப்போது திட்டத்தை வாகரைக்கு நீட்டிக்கத் துடித்துக்கொண்டிருந்தார். "முதல் சோதனையில பாஸ் பண்ணின சனம் இருக்கே, அவங்களையே வளவாளராப் போடுவம். முழு முகாமையும்" என்றான் மெல்றோய்.

"சமூகப் பங்களிப்பு!" என்று டஸ்டின் எழும்பி நின்று கைகொடுத்தார். கையெழுத்து அன்றைக்கே விழுந்தது.

தெய்வமணி செய்தியைக் கேட்டு மெல்றோயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சோறு தின்னாதீங்க எண்டு சொன்னா சோறு தருவாங்களா? இதை முதலே சொல்லியிருந்தா நான் கடலுக்கே வகுப்பெடுத்திருப்பனே சேர்!"

சொன்னபடி அரிசி வந்தது. மாங்கேணியில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. மெல்றோய் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் முழங்காலில் நின்று நன்றி சொன்னான். வாகரை முகாமில் அரிசி நிறுத்தப்பட்ட விபரம் திங்கட்கிழமைதான் அவன் மேசைக்கு வந்தது. தொடங்குநர்களுக்கு அரிசி கொடுத்தால் பிறகு பயிற்சி எதற்கு?

முதல் வகுப்பெடுக்கத் தெய்வமணியோடு வாகரைக்குப் போகிற வழியில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துக் காவலரணிலும் வாகனத்தைச் சோதித்தார்கள். ஒரு பக்கம் சிங்களத்தில் கேட்டது, மறுபக்கம் தமிழில் கேட்டது, இரண்டு பக்கமும் சோற்றுப் பார்சலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகவிட்டது. மெல்றோய் தெய்வமணியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வெட்கமாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும், அவள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

மரத்தடியில் வாகரைச் சனம் சாக்கில் குந்தியிருந்தது. தெய்வமணி எழும்பி, டஸ்டின் எழுதிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். சாக்கை விட்டு ஒருவரும் எழும்பவில்லை. உசாந்தி என்ற இளம்பெண் மட்டும் இடுப்பில் பிள்ளையோடு வந்து அவளை உரசிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்கட வாயில மீன் குழம்பு மணக்குது. சோத்தோடதானே திண்டீங்க?"

மெல்றோய் கண்ணை மூடிக்கொண்டான். தெய்வமணி அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாத மகள். முதல் சோதனையில எப்பிடியும் பாஸ் பண்ணிடு. மறுகா உன்னையும் வளவாளராப் போடுவாங்க. கதிரவெளிப் பக்கம் இன்னும் சோறு தின்னுற சனம் இருக்காம்."

உசாந்தி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முன்வரிசையில் போய் இருந்தாள்.