மேட்டுப்பாளையத்தில் காட்டிய எண்

அரசு ஊழியர் பொய் சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கலாம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் விசாரணை வைக்கலாம். கார் பொய் சொன்னால் என்ன செய்வது? அதற்கு எந்த விதியும் இல்லை. பணிக்காலம் முழுவதும் விதிப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பணத்தில் கீழ் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வாங்கினேன். அப்போது இலைக்கு அருமையான விலை. அந்த விலையை என் மிச்ச ஆயுளால் பெருக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். (பெருக்கலில் தவறில்லை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.) வாங்கிய கையோடு விலை சரிந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டவில்லை. சிக்கனம் வேண்டுமென்று பெட்ரோல் காரை விற்று, யாரோ ஓட்டி அலுத்த ஒரு மின்சாரக் காரை வாங்கினேன்.

மற்றவர்கள் கார் வாங்கினால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நான் அதன் கையேட்டை மூன்று முறை படித்தேன், மூன்றாவது முறை சிவப்பு மையோடு. ஒரே சார்ஜில் அதிக தூரம் போவது எப்படி என்ற அத்தியாயம் எனக்கு மனப்பாடம். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். காலை மெதுவாக அழுத்த வேண்டும். ஏசி ஆகாது. ஜன்னல் திறந்தால் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை. ஸ்டெப்னியை இறக்கினேன். ஜாக்கியை இறக்கினேன். மிதியடிகளையும் என் மனைவி கமலத்தின் குடையையும் இறக்கினேன். கடைசியாக, மலைப்பாம்பு போல டிக்கியில் சுருண்டு கிடந்த சார்ஜ் கேபிளையும் தூக்கி அலமாரியில் வைத்தேன். வீட்டில் போடுவதற்குத்தானே கேபிள், அது வீட்டில் இருந்தால் போதாதா? சார்ஜ் நிலையங்களில் அவர்களே வயர் தொங்கவிட்டிருக்கிறார்களே. இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நிலையில்தான் என் மகள் மலரைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் செந்தில் அவளோடு கோயமுத்தூரில் வேலை செய்பவன். இருவருக்கும் பிடித்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது; முறைக்காகத்தான் நடுவில் ஒரு தரகர். பிடிக்காமல் இருந்தது அவனுடைய அம்மாவுக்கு மட்டும்தான். பெரியவர்கள் மட்டும் மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் வர, அங்கிருந்து நான் அழைத்து வருவதாக ஏற்பாடு.

"அப்பா, அவங்கம்மாவுக்கு மலைப் பாதைன்னாலே பயம். அந்தக் குளிர்ல போயி சம்பந்தம் வேணுமாங்கறாங்க. இன்னைக்கு வேண்டாம்னுட்டாங்கன்னா அவ்வளவுதான். தயவுசெஞ்சு டாக்ஸி சொல்லிடலாம்" என்றாள் மலர்.

"வாசலில் கார் நிற்கும்போது டாக்ஸியா?"

முந்தின இரவு மழையில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. பாட்டரி பாதிதான் ஏறியிருந்தது. நூறு கிலோமீட்டர் போகும் என்று திரை காட்டியது. போதும் என்று கிளம்பினேன்.

கோத்தகிரி தாண்டி இறங்க ஆரம்பித்ததும் ஒரு அற்புதம் நடந்தது. இந்தக் கார்களில் இறக்கத்தில் காலை எடுத்தால் சக்கரமே மின்சாரம் உண்டாக்கி பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். திரையில் எண் ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஏறியது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது இருநூற்றைத் தாண்டியிருந்தது! என் ஓட்டும் திறமைக்கு இயந்திரமே நற்சான்றிதழ் கொடுத்துவிட்டதாக நினைத்தேன்.

அவர்கள் வந்த பஸ் ஒரு மணி நேரம் தாமதம். அந்த ஒரு மணி நேரமும் நான் காபி குடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஒரு சார்ஜ் நிலையம் சும்மா கிடந்தது.

கமலம் போனில் கேட்டாள். "ஏனுங்க, பாதிதான் இருக்குன்னீங்களே, அங்கேயே போட்டுக்கலாமில்லீங்க?"

"இருநூறு காட்டுதுடி. நம்ம வீட்டுக்கு வந்துட்டு மறுபடி இங்க வந்துட்டுப் போகலாம்."

பஸ்ஸிலிருந்து செந்திலின் அப்பா கந்தசாமி இறங்கினார். காரமடையில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி சரஸ்வதி இறங்கினார். அவர்களுக்குப் பின்னால், என் கணக்கில் வராத, செந்திலின் தாய்மாமன் பக்கவாட்டாக இறங்கினார். நேராக இறங்கினால் பஸ் படி போதவில்லை.

ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது வளைவில் இருநூறு நூற்றைம்பதானது. நாலாவது வளைவில் நூறு. கிணற்றில் வாளியை விட்டது போல எண் இறங்கியது.

"ஏனுங்க சார், ஏசி போடலீங்களா?" என்றார் மாமா, வேர்வையைத் துடைத்தபடி.

"மலைக் காற்று உடம்புக்கு நல்லதுங்க."

"அப்ப ஜன்னலைத் திறந்துக்கறேன்."

"திறக்கக் கூடாதுங்க. காற்று இழுக்கும்."

சற்று மேலே மூடுபனி சூழ்ந்தது. கண்ணாடி உள்ளே ஆவி படர்ந்தது. அதை விரட்டும் ஹீட்டரைப் போட நான் தயாராக இல்லை. முன்சீட்டில் இருந்த கந்தசாமி கைக்குட்டையால் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் சரஸ்வதி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். "வயத்தைப் பொரட்டுது, செத்த நிறுத்துங்க" என்றார். ஏற்றத்தில் நின்று கிளம்பினால் மின்சாரம் எவ்வளவு விரயமாகும் என்று அவருக்கு விளக்கினேன். (கையேட்டில் இருக்கிறது.) பிறகு, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்தில், மாமாவிடம் அவருடைய எடை என்ன என்று கேட்டேன். பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைக் கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் மாமா ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டார்.

அப்போது திரையில் ஒரு ஆமைப் படம் எரிந்தது.

"அது என்னங்க ஆமை?" என்றார் கந்தசாமி.

"சிக்கன முறைங்க."

அடுத்த வளைவில் கார் நின்றுவிட்டது.

கோத்தகிரிக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். அதைத் தொட்டுவிட்டால் சார்ஜ் நிலையம் உண்டு. எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் நிலைமையைப் பார்த்து, தானாகவே, "பிளக் இருக்குதுங்க, வயரைக் கொண்டாங்க" என்றார்.

வயர் அலமாரியில் இருந்தது.

கந்தசாமி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஏனுங்க சார், தண்ணிய மேல ஏத்தறதுக்குத்தான் நாங்க மோட்டார் விக்கறோம். தானா கீழ வர்ற தண்ணிக்கு எவனுங்க கரண்ட் பில் கட்டுவான்? நீங்க இறங்கறப்ப பாத்த நம்பரை வெச்சு ஏறலாம்னு வந்திருக்கீங்க!"

அதுதான் நடந்தது. இந்தக் கார் கடைசியாக ஓடிய தூரத்தில் எவ்வளவு செலவானது என்று பார்த்து, இனியும் அப்படியே போகும் என்று நினைத்து எண் காட்டுகிறது. மலையிறங்கியவனுக்கு மலையே இல்லை என்று சொல்கிறது. ஒரு கடைநிலை எழுத்தர் இப்படி மதிப்பீடு தயாரித்திருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடைசியில் பச்சைத் தேயிலை ஏற்றிப்போகும் லாரி ஒன்று எங்கள் பக்கமே போவதாக நின்றது. சரஸ்வதி அம்மாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் பின்னால் இலை மூட்டைகளின் மேல். வீட்டில் மலர் புடவை கட்டிக் காத்திருப்பாள்.

மூட்டையைத் தட்டிப் பார்த்துக் கந்தசாமி கேட்டார். "தரகர் சொன்னாரு, உங்களுக்குப் பெரிய எஸ்டேட்டாமே. நல்ல வருமானங்களா?"

கேட்ட கேள்விக்கு மேல் பதில் சொல்லாதே என்பது அலுவலகப் பாடம். அன்றைக்கு எனக்கு எண்கள் மேலேயே வெறுப்பு. கொட்டிவிட்டேன். "எஸ்டேட்டும் இல்லை, மண்ணும் இல்லைங்க. ஒரு துண்டுத் தோட்டம். விலை இருந்தப்ப வாங்கினேன், இப்ப இலை பறிக்கிற கூலிக்குக் காணாது. மலருக்கு அதை நம்பிச் சீர் எதுவும் செய்ய முடியாது. தரகன் சொன்னதும் பொய், இந்தக் கார் சொன்னதும் பொய்!"

மாமா என்னைப் பார்த்தார். கந்தசாமி சிரிக்க ஆரம்பித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"அதெல்லாம் பையன் போன வருஷமே சொல்லிட்டானுங்க. காரைப் பத்தித்தான் சொல்லாம விட்டுட்டான்."

வாசலில் லாரி நின்றது. தட்டோடு வந்த கமலம், தலையெல்லாம் இலையோடு இறங்கிய என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். மலர் முகம் வெளிறிப்போயிருந்தது. சரஸ்வதி அம்மாள் நிதானமாக இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லாரில வந்தா பயமே தெரியலை கண்ணு. உங்கப்பன் கார்ல மட்டும் இனிமே என்னை ஏத்தாதீங்க. மத்ததெல்லாம் எனக்குச் சம்மதம்."

கல்யாணம் காரமடையில் நடந்தது. நான் பஸ்ஸில் போனேன். அது மாப்பிள்ளை வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை. இப்போது குடும்பத்தில் யார் பெரிதாக எதைச் சொன்னாலும், மாப்பிள்ளை போனஸ் வரும் என்றாலும், மாமா எடை குறைத்துவிட்டேன் என்றாலும், "இது மேட்டுப்பாளையத்துக் கணக்கா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்கிறார்கள். குற்றம் காருடையது, பெயர் எனக்கு. இந்த அநியாயத்துக்கு மேல்முறையீடு செய்ய ஒரு அதிகாரியும் இல்லை.

போன வாரம் இலை விலை கொஞ்சம் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். காகிதமும் பென்சிலும் எடுத்து, அந்த விலையே நீடித்தால் பக்கத்துத் தோட்டத்தையும் வாங்கலாமா என்று பெருக்கிக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து கமலத்தின் குரல் வந்தது. "ஏனுங்க, எங்க நின்னுட்டுப் பார்க்கறீங்க? மேட்டுப்பாளையத்துலயா?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பெருக்கல் சரிதான்.