வெள்ளிக்கிழமை மஞ்சள்

மலையாண்டி வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, சானிட்டரி இன்ஸ்பெக்டர் முனியசாமி அவர் வீட்டுச் சாக்கடைமேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். குச்சி வாயிலேயே நின்றுவிட்டது.

"என்ன சார், காலங்காத்தால இங்கிட்டு?"

"மஞ்சத் தண்ணி ஓடுது பாத்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓடத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை. மஞ்சள் தேய்க்காமல் குளிக்கிற சுமங்கலி திருக்கோகர்ணத்தில் உண்டா? மஞ்சளில் தப்பில்லை. அது சாக்கடைக்கு வந்ததுதான் தப்பு.

அந்தச் சாக்கடை மழைத் தண்ணீருக்காகக் கட்டியது. வீட்டுத் தண்ணீரை அதில் விட வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து வாட்டம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குமுன் எவனாவது தானாகக் குழாயைச் சொருகினால் மனு ரத்து, குழாய் வாயில் சிமென்ட். சமஸ்தான காலத்தில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? இப்போது கேட்பதற்கென்றே முனியசாமி வந்திருந்தார். வந்ததும் வந்தார், மலையாண்டிக்கு அடுத்த வீட்டுக்கே, சாக்கடை ஆரம்பிக்கிற தெருவின் முதல் வீட்டுக்கே, குடி வந்து தொலைத்தார்.

மலையாண்டி மனுப் போட்டிருந்தார். கட்டணமும் கட்டியிருந்தார். கையெழுத்து வரும்வரை பொறுக்கத்தான் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் பொன்னமராவதிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தனாரைக் கூட்டிவந்து, வாசல் படிக்கல்லுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் குழாயைப் பதித்துவிட்டார்.

இத்தனைக்கும் மனுசன் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பொட்டல் காட்டில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காதவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டுத் தண்ணீரே இப்போது டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் மகள் அழகிக்காகத்தான். அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்த ஒரே பெண், தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். மனைவி செவந்தி முன்னாலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பிள்ளை பெத்தவளைக் குளத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா? குளிக்க ஒரு ரூம் இல்லைன்னா அவ மாமியா வீட்டுலேயே பெத்துக்கிறட்டும்."

சம்பந்தி வீட்டில் தலைப்பிரசவமா? மலையாண்டி அதற்கு ஒப்பவே மாட்டார். பேரப்பிள்ளை தன் வீட்டில்தான் முதல் அழுகை அழ வேண்டும்.

"உங்க வீட்டுல யாரு குளிக்கிறா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுல யாருமே குளிக்கிறதில்லைங்க" என்று உளறிவிட்டு, "அதாவது, வீட்டுல குளிக்கிறதில்லை. எல்லாரும் குளத்துலதான்" என்று திருத்தினார் மலையாண்டி.

உள்ளே சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. மலையாண்டி பலமாக இருமினார்.

"சட்டத்தைக் கையில வச்சிருக்கவன் முதல்ல தான் ஒழுங்கா இருக்கணும்" என்றார் முனியசாமி. "விடியுமுன்ன ரோந்து கெளம்புறவன் நான். என் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு தெருவுக்கு வராது. பூராவும் கொல்லையில தென்னைக்கு. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து பாப்பேன். மஞ்சத் தண்ணி ஓடுச்சுன்னா உங்க மனுவைக் கிழிச்சிருவேன்."

அந்தத் தென்னை சுவருக்கு மேலே தெரிந்தது. மட்டையெல்லாம் தொங்கிப்போய் நின்றது. சட்டப்படி ஊற்றுகிற தண்ணீர் மரத்துக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மலையாண்டி எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

செவந்தியிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தார்.

"செவந்தி, வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் மஞ்சளில்லாம குளிச்சிரேன்."

"ஏன், நீங்க செத்துட்டீங்களா?"

அத்தோடு அந்த யோசனை முடிந்தது. கடைசியில், அந்த ஒரு நாள் மட்டும் குளத்துக்குப் போகிறேன் என்று அவள் இறங்கிவந்தாள். அதுவும் சும்மா இல்லை. வீட்டில் குளியலறை கட்டி வைத்துக்கொண்டு குளத்துக்கு வந்தால் ஊர்ப் பொம்பளைகள் என்ன கேட்பார்கள், அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று வாரம் பூராவும் நடித்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. செவந்தி மாற்றுச் சேலையும் மஞ்சளுமாகக் குளத்துக்குப் போனாள். நிம்மதியாக வாசலுக்கு வந்த மலையாண்டி சாக்கடையைப் பார்த்தார். மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது.

அடக் கடவுளே. அவள்தான் குளத்தில் இருக்கிறாளே.

அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. இத்தனை வாரம் தேய்த்த மஞ்சள் குழாய்க்குள் அப்பிக் கிடக்கிறது, இப்போது கரைந்து வருகிறது. கழுவிவிட்டால் தீர்ந்தது. குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் குளியலறையில் ஊற்றினார். ஓடிவந்து பார்த்தார். மஞ்சள் இன்னும் ஓடியது. இன்னும் ஊற்றினார். இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். இன்ஸ்பெக்டர் வருகிற நேரமும் ஆகிவிட்டது.

மாடத்தில், வேட்டிக்குப் போடும் நீலப் பொட்டலம் கண்ணில் பட்டது. மஞ்சளை எடுக்க முடியாவிட்டால் என்ன, மறைத்துவிடலாமே. நீலம் தெரிந்தால் துணி அலசிய தண்ணீர், யாரோ தெருவில் கொட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பொட்டலத்தை அப்படியே வாளியில் கரைத்துக் கொட்டிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

சாக்கடையில் கிளிப்பச்சையாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதன் கரையில் முனியசாமி நின்றார்.

"போன வாரம் மஞ்சள். இந்த வாரம் பச்சை. அடுத்த வாரம் என்ன, சிவப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இது குளிச்ச தண்ணி இல்லை. சாயம். நீங்க லைசென்ஸ் இல்லாம உள்ள சாயப்பட்டறை நடத்துறீங்க."

"சாயப்பட்டறையா? நான் டிக்கெட் செக்கருங்க."

"அப்ப கையில என்ன?"

மலையாண்டி கையைப் பார்த்தார். முழங்கை வரை நீலம்.

முனியசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஹெல்த் ஆபீசரைக் கூட்டிவந்து காட்டும்வரை பச்சைத் தண்ணீர் ஓடிவிடக்கூடாது என்று, தெருவில் கிடந்த களிமண்ணை அள்ளி, மலையாண்டியின் வாசலைத் தாண்டியதும் சாக்கடையை அணைகட்டி அடைத்தார். மண் சுமந்து கொடுத்தவர் மலையாண்டி. தன் குழிக்குத் தானே மண் சுமக்கிறோமே என்று அவருக்கு அழுகையே வந்தது. தண்ணீர் தேங்கி, மேலே மேலே ஏறியது.

பிறகு இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் புகுந்து சாயத் தொட்டியைத் தேடினார். அரிசிப் பானையைக்கூடத் திறந்து பார்த்தார். பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்திலிருந்து திரும்பிய செவந்தி நிலைப்படியில் நின்றாள்.

"என்னத்தங்க தேடுறீங்க?"

"சாயத்தொட்டி."

"இந்த மனுசனுக்கு ஒரு வேட்டிக்கு நீலம் போடத் தெரியாது. இவரு பட்டறை நடத்துறாராக்கும்" என்றாள் செவந்தி. அப்போதுதான் புருசனின் கையைப் பார்த்தாள். "ஏங்க, என் நீலப் பொட்டலம் எங்க?"

"தொழில் கழிவை விட்டதுக்குத் தனிக் கேசு" என்றார் இன்ஸ்பெக்டர். "மனு ரத்து. குளிக்கிற ரூமையும் இடிக்கச் சொல்லி எழுதப் போறேன்."

செவந்தியின் முகம் விழுந்துவிட்டது. "எம்மகளுக்கு இந்த மாசக் கடைசியில பிரசவம் சார்" என்றாள். அதுவரை இல்லாத குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும் மலையாண்டிக்கு எல்லா வீம்பும் போய்விட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சார், உள்ளதச் சொல்லிர்றேன். சாயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தப் படிக்கல்லுக்கு அடியில..."

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. முனியசாமியின் மனைவி பிச்சையம்மாள், ஒரு கன்னத்தில் மட்டும் மஞ்சளோடு, கணுக்கால் வரை பச்சையாக நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கீகளா?" என்றாள் புருசனைப் பார்த்து. "நம்ம குளிக்கிற ரூமுல விட்ட மஞ்சத் தண்ணி போகமாட்டேங்குதுங்க, பச்சையாத் திரும்பிக் காலுக்கே வருது. எவனோ கேடுகெட்டவன் சாக்கடையில மண்ணைப் போட்டு அடைச்சிருக்கான், அவனுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க."