கரி பஸ்ஸும் ஆபத்துக் கணக்கும்

சௌந்தரபாண்டியனுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. எந்தச் சரக்குக் கிட்டங்கி தீப்பிடிக்கும், யாருக்கு எந்த வயதில் நெஞ்சடைக்கும் என்று கணக்குப் போட்டு, சங்கரன்கோவில் வியாபாரிகளுக்கெல்லாம் காப்பு எழுதுகிற இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு அவர். சொந்த வீட்டில் அந்தச் சாஸ்திரத்துக்கு மரியாதை இல்லை. மனைவி ஆவுடையம்மாள், வாசுதேவநல்லூரில் தங்கைக்கு வளைகாப்பு என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பை முதுகில் சுமந்து ஓடின. ஓடின என்பது மரியாதைக்கு. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். சௌந்தரபாண்டியன் விரலை மடக்கி மடக்கி விளக்கினார். அடுப்பு வெடிக்கலாம். ஐப்பசி மழையில் குளம் உடையலாம். டிரைவர் புகையில் மயங்கலாம். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், போகவே கூடாது என்று விடை வந்தது. அவள் போனால் சோறு பொங்க ஆளில்லை என்பதை மட்டும் அவர் கணக்கில் காட்டவில்லை.

"ஊருக்கே காப்பு எழுதுதவன் நான். சொன்னாக் கேளுட்டி."

"உங்க காப்பு செத்த பொறவு வருது. இது பிள்ள பொறக்கதுக்கு முந்திப் போடுதது," என்றாள் ஆவுடையம்மாள். ஆனாலும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, பொம்பிளைகளுக்கு ரொம்ப ஆபத்தான இடம் எது என்று அடக்கமாகக் கேட்டாள். மனைவி ஒருவழியாகச் சாஸ்திரம் கற்க வந்துவிட்ட பூரிப்பில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பஸ்ஸெல்லாம் அப்புறம், அடுப்படிதான் முதலில். சேலையில் தீப்பிடித்த கேஸுகள் கம்பெனியில் ஏராளம்.

மறுநாள் காப்பி இல்லை. மத்தியானம் சோறும் இல்லை. ஆவுடையம்மாள் முற்றத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான சொன்னிய? தெரிஞ்ச பொறவும் எப்படி அடுப்படிக்குள்ள போவேன்?"

இப்படியும் ஒரு அநியாயம் உண்டா என்று கொதித்தார் அவர். வேட்டி கட்டியவனுக்கு ஆபத்து குறைவு என்று நிரூபிக்கத் தாமே அடுப்பில் குனிந்தார். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் எரிந்தது. ஆத்திரத்தில் சீமையெண்ணெயைச் சரித்தார். குப்பென்று எழுந்த தீ, தோள் துண்டையும் மீசையில் ஒரு பக்கத்தையும் கொண்டுபோயிற்று. ஆவுடையம்மாள் ஓடிவந்து குடத்துத் தண்ணீரை அவர் தலையோடு கவிழ்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க. இந்த வீட்டுல இருக்கதா, பஸ்ஸுல போறதா, எது ஆபத்து கம்மி?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் புதிதாகப் பாலிசி எடுக்கவிருந்த எதிர்வீட்டு ஜவுளிக்கடை காசிராஜன், புகையைப் பார்த்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் சாஸ்திரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

"பஸ்தான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பெட்டியையும் அவரே சுமந்தார். பாதி மீசையோடு பஸ் பக்கத்தில் நின்று, எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டார்.

ஆவுடையம்மாள் ஜன்னலோரம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். "அத நான் எப்படிச் சொல்ல? முன்கூட்டிச் சொல்லுத ஆளு நீங்கல்லா."