ரத்தத்துக்கு ஒரு மறதிச் சான்று

நோய் வந்தவர் குணமாக வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் கருத்து வேறுபாடு எதுவும் கிடையாது. குணமான பிறகு அவரை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு தரப்பும் திணறுகின்றன.

எங்கள் மணமேல்குடி அசாருதீனுக்குக் காசநோய் வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஆறு மாதமும் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினான். சளியில் கிருமி இல்லை, சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவன் மனைவி ஆஃபியா சந்தோஷத்தில் சேமியா காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டோம். சிலர் சாப்பிடவும் செய்தோம்.

நான் உடையப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதித் தருவேன். ‘மேற்படி’, ‘மேற்காண்’ என்ற இரண்டு சொற்களை வைத்தே என் பிள்ளைகளைக் கல்லூரி வரை படிக்க வைத்துவிட்டேன்.

என் கடைக்கு எதிரே ஹாமித் பாயின் டீக்கடை. அங்கே எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ வரும். அசாருதீனுக்கு மட்டும் நோய் வந்த நாளிலிருந்து பேப்பர் கப். குணமான பிறகும் பேப்பர் கப்தான்.

“தப்பா நெனைக்காத மாப்ள. எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்” என்பார் ஹாமித் பாய்.

பேப்பர் கப்பில் அவனுக்கு என்ன நல்லது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பெஞ்சில் அவனுக்குத் தாராளமாக இடம் விட்டுத் தள்ளித்தான் உட்காருவோம். காற்றோட்டம் நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் அல்லவா.

கோடை விடுமுறை தொடங்கியபோது பள்ளித் தாளாளர் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் புதுக்கோட்டை போய் உடல்தகுதிச் சான்று வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் வேன் வேறு ஆளுக்குப் போய்விடும். மனு எழுதியவன் என்ற முறையில் நானும் துணைக்குப் போனேன். அறந்தாங்கியில் பஸ் மாறி, இரண்டு பேரும் மாவட்ட உடல்தகுதி உறுதிப்பாட்டுப் பிரிவில் போய் நின்றோம்.

அங்கே அதிகாரி சரவணக்குமார். பதவி, இணை துணை உதவி இயக்குநர் (பொறுப்பு). எத்தனை பேருக்குக் கீழே இருக்கிறார் என்பது அந்தப் பெயரிலேயே விளங்கிவிடும். யாருக்கு மேலே என்பதுதான் விளங்காது.

எங்கள் கெட்ட நேரம், அவர் முதல் நாள்தான் திருச்சியில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்த் திரும்பியிருந்தார். கருத்தரங்கில் கொடுத்த பை இன்னும் தோளில் தொங்கியது. அங்கே பிரகதீஸ்வரி என்ற ஆராய்ச்சியாளர் பேசியிருக்கிறார். காசநோய் வந்தவரின் ரத்த அணுக்களில் மரபணு எழுத்து மாறுவதில்லை. ஆனால் அந்த எழுத்தின் மேல் சில ரசாயனக் குறிகள் விழுகின்றன, பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் பென்சிலால் கோடு போடுகிற மாதிரி. எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று அந்தக் குறிகள் அணுவுக்குச் சொல்கின்றன. நோய் போன பிறகும் சில குறிகள் கொஞ்ச காலம் இருக்கும். அதாவது ரத்தம் நோயை ஞாபகம் வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மா, இந்தக் குறிகளால் அடுத்தவருக்கு ஆபத்து ஏதும் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாராம். அந்த நேரத்தில் சரவணக்குமார் இரண்டாவது ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றிருக்கிறார். ஆகவே பாதி விஞ்ஞானமும் ஒரு முழுப் பையுமாகப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தார். வந்ததும் சுற்றறிக்கை போட்டுவிட்டார்.

“நான் கொணமாயிட்டேன் சார்” என்றான் அசாருதீன்.

“நீங்க கொணமாயிட்டீங்க. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒங்க ரத்தம்?”

“அதுவும் என்கூடத்தான் சார் வந்திருக்கு.”

“வந்திருக்கு. ஆனா மறக்கலையே. இதெல்லாம் எபிஜெனடிக் விஷயம்ப்பா, ஒங்களுக்குப் புரியாது. ஒங்க ரத்தம் மேற்படி நோயை மறந்துட்டதுன்னு மறதிச் சான்று வாங்கணும். அதுக்கு அப்பறந்தான் தகுதிச் சான்று.”

“மறதிச் சான்று எங்க சார் தருவாங்க?”

“இங்கதான். நான்தான் தருவேன். ஆனா இப்ப தர முடியாது.”

ரத்தம் எடுத்துப் பிரகதீஸ்வரியின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆராய்ச்சிக்கு இவ்வளவு ஆர்வமாக உதவும் அதிகாரியா என்று அந்த அம்மா பூரித்துப் போனாராம். குறிகள் இன்னும் இருப்பதாக முடிவு வந்தது. உடனே அசாருதீன் ‘மறதிக் காலத்தில் உள்ள பயனாளி’ என்று அறிவிக்கப்பட்டான். மறதிக் காலத்தில் அவனுக்கு யாரும் நோயை நினைவூட்டக் கூடாது. நினைவு வந்தால் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மறந்துவிட்டதா என்று விசாரிப்பதற்காக அவன் வாரா வாரம் நேரில் ஆஜராக வேண்டும்.

ஆஜரானோம். வராந்தாவில் நூறு பேர் உட்கார்ந்திருக்க, பிரிவு எழுத்தர் கண்ணன் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“டிபி அசாருதீன் யாருங்க?”

வராந்தாவில் பாதி காலியாகிவிட்டது. எங்களுக்கு உட்கார நல்ல இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

“இந்த வாரம் நோய் ஞாபகம் வந்துச்சா?” என்று கேட்டார் கண்ணன்.

“நீங்க கூப்பிடுற வரைக்கும் வரலீங்க.”

“அப்ப இப்ப வந்துருச்சு. அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கு அடுத்த வாரம் அசாருதீன் கொஞ்சம் சூதானமாக, “எந்த நோய் சார்?” என்று கேட்டான். கண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். “இந்த நோய்னு நான் சொன்னா ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடும். சொல்லாட்டி கேள்வி முழுமை ஆகாது. மேலிடத்துல தெளிவுரை கேட்டிருக்கோம். அடுத்த வாரம் வாங்க.”

நடுவில் கள ஆய்வும் நடந்தது. ஜீப்பில் வந்திறங்கிய ஒருவர் நட்டநடுத் தெருவில் நின்று, “டிபி வந்து அதை மறந்துக்கிட்டு இருக்கவர் வீடு எதுங்க?” என்று கூவி விசாரித்தார். மறந்துபோயிருந்த நாலைந்து வீட்டுக்காரர்களுக்கும் நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. ஆஃபியா பாவம், வீட்டில் மாத்திரை என்ற சொல்லையே எடுப்பதில்லை. மிளகாய் வறுக்கும்போது இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் இருமிவிட்டு வருவாள்.

இதற்குள் மறதி ஒரு ஃபேஷனாகிவிட்டது. இலுப்பூரில் வெற்றிசெல்வன் என்பவர் நெல்லிக்காய்ச் சாற்றில் இஞ்சியைத் தட்டிப் போட்டு ‘எபி ஜூஸ்’ என்று விற்றார். குடித்தால் ரத்தம் பழசையெல்லாம் மறந்துவிடும் என்று கடை வாசலில் ஃபிளக்ஸ். கல்யாணத் தரகர்கள், “பொண்ணு நல்ல செவப்புங்க” என்பதை விட்டுவிட்டு, “பொண்ணோட ரத்தம் எதையும் மனசுல வச்சுக்காதுங்க” என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஜோலியாக இலுப்பூர் போனபோது நானும் அந்த ஜூஸைக் குடித்துப் பார்த்தேன். ரத்தம் என்ன ஆனதோ தெரியாது, குடையை அந்தக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், திரும்பி வரும் பஸ்ஸில் அசாருதீன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான்.

“தாளாளர் புது டிரைவர் பாத்துட்டாருண்ணே. திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள சான்று வரலன்னா சாவி அவன் கையில.”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். மேற்படி, மேற்காண் இல்லாமல் எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

“எந்தப் புள்ள எந்த வளைவுல வாந்தி எடுக்கும்னு எனக்குத் தெரியும்ணே. எதுக்கு ஜன்னல் சீட்டு வேணும், எது தூங்கிட்டு எறங்காமப் போயிடும், எல்லாம் தெரியும். இவங்க என்னடான்னா மறந்தாத்தான் வேலைங்குறாங்க.” ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னான்: “நோய்க்கு மருந்து குடுத்தாங்க, குடிச்சேன். மறக்குறதுக்கு ஒண்ணும் குடுக்கலையேண்ணே.”

அன்று டீக்கடையில் அவன் பக்கத்தில் வழக்கத்தைவிட ஒரு சாண் நெருங்கியே உட்கார்ந்தேன்.

அவனுடைய அதிர்ஷ்டம், இரண்டாவது தடவை எடுத்த ரத்தத்தின் முடிவோடு அந்த வெள்ளிக்கிழமையே பிரகதீஸ்வரி நேரில் வந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோயில்லாதவர்கள் ரத்தமும் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். சரவணக்குமார் பெருமையோடு தன் அலுவலகம் முழுவதையும் கையை நீட்டச் சொல்லியிருந்தார். அசாருதீனின் அக்கம்பக்கத்தார் என்று ஹாமித் பாய், நான், எங்கள் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும்கூடக் கொடுத்திருந்தோம். கூட்ட அறையில் பொன்னாடை, பூங்கொத்து, முந்திரி பிஸ்கட் எல்லாம் தயாராக இருந்தன.

“அசாருதீன் ரத்தத்துல குறிகள் நல்லா மங்கிடுச்சு. மருந்தை முழுசா சாப்பிட்டதோட பலன். எனக்கு ரொம்ப சந்தோஷம்” என்றார் பிரகதீஸ்வரி.

சரவணக்குமார் அந்த இடத்திலேயே மறதிச் சான்றிலும் தகுதிச் சான்றிலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஃபோட்டோவுக்கு நின்றார். அசாருதீன் இரண்டு காகிதத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“இப்ப நோயில்லாத எங்க ஆபீஸ் முடிவைச் சொல்லுங்க மேடம். எல்லாரும் கேக்கட்டும்.”

“அதான் சார் ஆச்சரியம். ஒங்க எல்லாரோட ரத்தத்துலயும் அந்தக் குறி இருக்கு. மணமேல்குடிக்காரங்களுக்கும்தான்.”

முந்திரி பிஸ்கட் மெல்லும் சத்தம் நின்றது.

“எனக்கு டிபி வந்ததே இல்லையே” என்றார் சரவணக்குமார்.

“நோய் வரல சார். கிருமி வந்து பாத்துட்டுப் போயிருக்கு. காத்துல வர்றதுதானே, நம்மள்ல நெறையப் பேரு அதை மூச்சுல இழுத்திருப்போம். ஒடம்பு அதை அடக்கிடும். ரத்தம் மட்டும் ஞாபகம் வச்சிருக்கும். இதனால ஒங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, ஒங்ககிட்டேருந்து யாருக்கும் பரவாது. கருத்தரங்குல இதைத்தான் சாப்பாட்டுக்கு அப்பறம் சொன்னேன்.”

“என் அனுமதி இல்லாம எப்படி உள்ள வந்துச்சு?”

“அது விசிட்டர் ஸ்லிப் எழுதாது சார்.”

கண்ணன் மெதுவாக எழுந்து சுற்றறிக்கையைப் படித்தார். “இரத்தத்தில் மேற்படி குறிகள் உள்ளவர் எவரும், மறதிச் சான்று பெறும் வரை, எந்த ஆவணத்திலும் கையொப்பமிடத் தகுதியற்றவர் ஆவார். நீங்க எழுதுனதுதான் சார்.”

“சுற்றறிக்கையை ரத்து பண்ணுய்யா.”

“பண்ணலாம் சார். அதுக்கும் ஒரு கையெழுத்து வேணும்.”

“எனக்கு ஒரு மறதிச் சான்று எழுதுய்யா.”

“எழுதலாம் சார். அதுக்கும் கையெழுத்து வேணும்.”

முடிவு தெரிவதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டதால், மாவட்டத்திலேயே மறந்துவிட்டதாகச் சான்று பெற்ற ரத்தம் ஒன்றே ஒன்றுதான். அது வாசல்படி இறங்கிக்கொண்டிருந்தது. சரவணக்குமார் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினார்.

“தம்பி, ஒரே ஒரு கையெழுத்து. தற்காலிக மறதி அலுவலர்னு ஒங்களை நியமிச்சுடுறேன்.”

“நியமன ஆணையில யாரு சார் கையெழுத்துப் போடுவா?” என்று கேட்டான் அசாருதீன். “வேனைக் கழுவணும், எனக்கு நேரமாச்சு. அடுத்த வாரம் வாங்க.”

வேன் அவனுக்கே கிடைத்தது. பள்ளி திறந்து மூன்றாவது நாள், தோளில் அதே பையோடு சரவணக்குமார் அறந்தாங்கியில் பஸ் மாறி மணமேல்குடியில் வந்து இறங்கினார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் அசாருதீன். அதிகாரி அவன் முன்னால் கைகட்டி நின்றார்.

“இந்த வாரம் ஞாபகம் வந்துச்சா சார்?”

“பஸ்ல வரும்போது... லேசா.”

“அப்ப அடுத்த வாரம் வாங்க.”

எங்களுக்கு ஒரே சிரிப்பு. அதிகார வர்க்கத்துக்கு நல்ல பாடம் என்று பெஞ்சில் எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தோம். அந்த நேரத்தில் ஹாமித் பாய் டீ கொண்டுவந்தார். அதிகாரிக்குப் பேப்பர் கப். எனக்குப் பேப்பர் கப். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் பேப்பர் கப். சொந்தக் கடையில் அவரே பேப்பர் கப்பில்தான் குடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் மறந்துவிட்டதாகச் சான்று வாங்கிய ஒரே ஆளுக்கு, வெந்நீரில் அலசித் துடைத்த கண்ணாடி கிளாஸில் டீ வந்தது.

பேப்பர் கப் விரலைச் சுட்டது. அதை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டே, அசாருதீனோடு பேச்சுக் கொடுக்கலாம் என்று பெஞ்சில் அவன் பக்கம் நகர்ந்தேன்.

அவன் கிளாஸை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குத் தள்ளி உட்கார்ந்தான்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்.”