புகையில்லாத குசினி

கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்குமட்டும் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆள் நான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர் மணிக்கூட்டை, ஏன் இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று கழற்றிப் பார்த்து, அன்றோடு அதை நிறுத்தியவன். (அது சீதனத்தோடு வந்த மணிக்கூடு. அந்தக் கதையை விடுவோம்.)

கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி இணுவிலில் மனுசி வீட்டுக்கு நான் குடிவந்த காலம். மனுசியின் தங்கை கனகத்துக்கு உடுப்பிட்டியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் வாசல் படலையைத் தாண்டிப் போனதோடு சரி, திரும்பி வரவில்லை. இதுவாவது பொருந்தவேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கில் விரல் வைக்கும்படி ஏதாவது செய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் யாழ்ப்பாணத்துக்குப் போய், இரும்பில் வார்த்த புது விறகடுப்பு ஒன்றை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிவந்தேன்.

கறுப்புப் பூச்சு மினுங்க, நாலு காலில் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. முன்னால் விறகு வைக்க ஒரு கதவு, மேலே பானை வைக்கத் தட்டு, பின்னால் புகை போகக் குழாய், குழாயைத் திறந்து மூட ஒரு பிடி. அடுக்களையின் பனையோலைக் கூரையில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டேன். “இனி எங்கடை குசினியிலை புகை எண்ட பேச்சே இல்லை” என்று சந்தை வரைக்கும் சொல்லியும் வைத்தேன்.

கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார்: “எடுத்த உடனை பெரிய நெருப்பு வையாதேங்கோ. முதல் சுள்ளி போட்டுச் சின்னதா மூட்டி, அணைச்சு, ஆறவிடுங்கோ. பிறகு கொஞ்சம் கூட்டி மூட்டி, திரும்ப ஆறவிடுங்கோ. இரும்பு பழகவேணும்.”

இதை வீட்டில் சொன்னேன். கதவுக்குப் பின்னால் மாமியின் வளையல் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் மாமியார் மருமகனோடு நேரே கதைப்பதில்லை. மகளுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார்.

“பிள்ளை, புது அடுப்பை மூட்டிப்போட்டு அணைக்கிறதாம். நல்ல காரியம் பேச வரேக்கை ஆரும் செய்யிற வேலையே?”

“இஞ்சாருங்கோ, அம்மா சொல்லுறா...”

“கேட்டுது, கேட்டுது.”

“முதல் நெருப்பிலை பால் காய்ச்சவேணும். அது கிழக்குப் பக்கம் பொங்கவேணும். அவையள் வாற அண்டைக்கே மூட்டச் சொல்லு.”

ஆக, இரும்பும் பழகவில்லை. நானும் பழகவில்லை.

அன்று காலை நல்ல நேரம் பார்த்து மூட்டினேன். தட்டில் புதுப்பானை நிறையப் பால். பால் பேசாமல் இருந்தது. பிடியை மூடினேன், புகை என் முகத்துக்கு வந்தது. திறந்தேன், சூடெல்லாம் குழாயால் ஆகாயத்துக்குப் போனது. மூடினேன், திறந்தேன், குனிந்து ஊதினேன், படலைக்கு ஓடி வண்டி வருகிறதா என்று பார்த்தேன், திரும்ப ஓடிவந்து பாலைப் பார்த்தேன். பாலாடைகூடக் கட்டவில்லை.

“அத்தான், கொஞ்சம் இருங்கோவன்,” என்றாள் கனகம். “நீங்கள் பாக்கப் பாக்க அது வெக்கப்படுது.”

எப்படி இருப்பது? நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மூலையில் ஒரு கடகம் நிறைய ஊமல் கிடந்தது. காய்ந்த பனங்கொட்டை ஓடு. பற்றினால் கொல்லன் உலை தோற்கும். ஒரு கை போட்டேன். பிறகு இன்னொரு கை. பிறகு கடகத்தோடு கவிழ்த்தேன்.

அடுப்பு முதலில் முனகியது. பிறகு உறுமியது. கறுப்புப் பூச்சு கொப்பளித்து, செருப்பும் தாரும் சேர்ந்து எரிகிற மணத்தோடு புகை எழும்பியது. குழாயின் அடி சிவந்தது. சிவப்பு மேலே ஏறியது. கூரை ஓட்டையைச் சுற்றி ஓலை கருகத் தொடங்கியது.

“ஐயோ, பத்துது! பத்துது!” என்று கத்தினேன். தண்ணீர்க்குடம் என் காலடியில் இருந்தது. அது என் கண்ணில் படவில்லை. பட்டது பால்பானை. சால்வையால் பிடித்துத் தூக்கி, அடுப்புக்கதவைக் காலால் தட்டித் திறந்து, அவ்வளவு பாலையும் நெருப்புக்குள் ஊற்றினேன்.

டமார்! அடுப்பு மேலிருந்து கீழ்வரை வெடித்தது. நுரையும் சாம்பலும் பொங்கிக் கதவால் வழிந்து நிலமெல்லாம் ஓடியது.

உடுப்பிட்டி வண்டி வந்து நின்றது அந்த நேரத்தில்தான்.

மாப்பிள்ளைப் பொடியன் வண்டியால் குதித்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறி, கருகிய ஓலையைப் பிய்த்து எறிந்தான். “தண்ணி! கெதியா!” என்றான். கனகம் கிணற்றடியால் ஓடிவந்து வாளியை நீட்டினாள். பெண் பார்க்கும் படலம் அப்படித்தான் நடந்தது. அவன் மேலே, அவள் கீழே, இடையில் ஒரு வாளி.

நானும் சும்மா இருக்கவில்லை. கரிமுகத்தோடு மாப்பிள்ளையின் தாயாரிடம் போய், “இது புகையில்லாத அடுப்பு...” என்று விளக்கத் தொடங்கினேன்.

கதவு திறந்தது. மாமி வெளியே வந்தார். முதன்முதலாக என் முகத்தை நேரே பார்த்தார்.

“தம்பி, நீர் சும்மா இரும்!”

இருந்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் சாம்பல் நுரையைப் பார்த்தார். “என்ன, பால் காய்ச்சினனீங்களோ?”

மாமி அடுப்பைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், வெயில் வரும் திசையைப் பார்த்தார். நான் அடுப்புக்கதவைக் கிழக்கே பார்க்க வைத்திருந்தேன். (சாத்திரத்துக்காக அல்ல. குழாய் அப்படித்தான் பொருந்தியது.)

“ஓம்,” என்றார் மாமி. “கிழக்குப் பக்கம்தான் பொங்கினது. நீங்களே பாருங்கோ.”

அந்த அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மகன் வெறும் வாளியோடு இன்னும் இறங்காமல் நின்றான்; கனகமும் வாளியை வாங்காமல் நின்றாள்.

“பொங்கினது பொங்கினதுதானே,” என்றார் அவர். “இறங்கு மோனை, சம்மதம்.”

அடுப்புக்குள் அதன்பிறகு கோழிதான் முட்டை இட்டது. மாமி அன்று தொட்டு என்னோடு நேரே கதைக்கிறார். பெரும்பாலும் அதே வசனம்தான்.

போன வருடம் கனகமும் சகலனும் கட்டிய புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். சகலன் என்னைக் கூட்டிப்போய் முற்றத்து மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, “அண்ணை, அசையப்படாது” என்று பக்கத்தில் தானும் இருந்துகொண்டான். உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

“தம்பி எங்கை?”

“வெளியிலை இருக்கிறார், மாமி.”

“கையிலை என்ன வைச்சிருக்கிறார்?”

சகலன் என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான்.

“ஒண்டுமில்லை, மாமி.”

“அப்ப மூட்டுங்கோ.”