ஞானக்கரையின் ஐயாயிரமாவது ஆள்

ஞானக்கரை என்ற கடலோர ஊரில் 4,999 பேர் இருந்தார்கள். கல்கத்தாவில் ஸர்க்கார் சொன்ன கணக்கு இது, ஆகையால் உண்மை. அங்கே வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் மணலில் ஒரு மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டப்போக, சுற்றிலும் வாத்தியார், வக்கீல், மளிகைக்கடை என்று ஓர் ஊரே முளைத்துவிட்டது. டாக்டர் மட்டும் முளைக்கவில்லை. ஐயாயிரம் தலை இருந்தால்தான் ஆஸ்பத்திரி என்பது விதி.

கணக்கெடுத்த பிறகு பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளும்படி பாதிரியார் மனுப் போட்டார். அதற்குப் பதில் எழுதியவன், ஜனத்தொகைப் பிரிவுக் குமாஸ்தா சந்தானம். வங்காளி பாபுக்களைப் பார்த்து பூட்ஸ் வாங்கி, கடித்த கடி தாங்காமல் மேஜைக்கடியில் கழற்றி வைத்திருப்பவன். ‘ஒவ்வொரு பிறப்புக்கும் உள்ளூர் டாக்டரின் அத்தாட்சி இணைக்கப்படவேண்டும். இறப்புகளுக்கு அத்தாட்சி தேவையில்லை; அவை தாமாகவே கழிக்கப்படும்’ என்று இங்கிலீஷில் வெளுத்து வாங்கியிருந்தான். ஹெட் கிளார்க் அனந்தகிருஷ்ணன் அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்து மெச்சினார். மூன்று மாசம் சந்தானத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவன் தங்கியிருந்த கிடர்பூர் மெஸ்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்த அவன் மனைவி ராஜலக்ஷ்மி எழுதியது. அவள் அப்பா ஞானக்கரை மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒன்பதாம் மாசம், கால் வீங்கியிருக்கிறது, முப்பது மைலுக்கு டாக்டர் இல்லை, பெரிய ஆபீஸில் இருக்கிறீர்களே, ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டிருந்தாள்.

 சந்தானம் உடனே, ஊருக்கு டாக்டர் அனுப்பும்படி ஒரு மனு எழுதினான். அது மேஜை மேஜையாக மேலே ஏறி, பதினோராம் நாள், பதில் எழுதுவதற்காக அவன் மேஜைக்கே இறங்கி வந்தது. ஹெட் கிளார்க்கிடம் ஓடினான்.

“ஸார், இது என் ஆத்துக்காரி உயிர் விஷயம்.”

“அதனால்தான் ஓய், ஜாக்கிரதையாக எழுதணும். வேண்டியவாளுக்குச் சலுகை காட்டினீர்னு பேர் வரப்படாது.”

“அத்தாட்சி தர டாக்டர் வேணும். டாக்டர் வர அத்தாட்சி வேணும். இது எப்படி ஸார் நடக்கும்?”

“நீர் எழுதினதுதானே?” என்றார் அனந்தகிருஷ்ணன், வாத்ஸல்யத்தோடு. ஒரு ஸூப்பர்வைஸர் வேலை காலியாகப்போவதையும் காதில் போட்டுவைத்தார்.

சந்தானம் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு பேனாவை மையில் தோய்த்தான். ‘மனுதாரரின் கவலையை இவ்வாபீஸ் ஆழ்ந்த அநுதாபத்துடன் கவனித்தது. எனினும்’ என்று ஆரம்பித்தவனுக்கு, அந்த எனினும் தாண்டியதும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. மனுதாரருக்கு ஒரு வழியும் விடாமல் நாலு பக்கம் எழுதி முடித்தான். ஸூப்பர்வைஸர் வேலை அவனுக்கே கிடைத்தது.

பகவான் புண்ணியத்தில், மீன் விற்கும் ஒரு கிழவி பிரசவம் பார்த்து, தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். குழந்தையைப் பார்க்கச் சந்தானம் லீவு கேட்டான். பிறந்ததாக அத்தாட்சி இல்லாத குழந்தையைப் பார்க்க விதியில் லீவு இல்லை என்றார் அனந்தகிருஷ்ணன். சந்தானம் அதை அப்படியே வருத்தத்தோடு மனைவிக்கு எழுதினான்.

ராஜலக்ஷ்மியின் பதில் வந்தது:

‘குழந்தை சௌக்கியம். ஊரில் பிறக்கும் குழந்தைகளைப் பாதிரியார் ஒரு நோட்டில் எழுதிவருகிறார். இவளுக்குத் தகப்பனார் உண்டா என்று கேட்டார். டாக்டர் அத்தாட்சி வந்ததும் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.’

சந்தானத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. கை மட்டும் தன் பாட்டுக்குக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியது: ‘விதிப்படி சரியான பதில். ஃபைலில் சேர்க்கவும்.’